பழைய தியேட்டர்ல கேட்ட தெளிவு, வீட்ல சவுண்ட்பார் வச்சும் ஏன் வரமாட்டேங்குது?

கேள்வி கேட்டவர் சொன்னது இதுதான்: சின்ன வயசுல தியேட்டர்ல படம் பாத்தப்ப ஒவ்வொரு வசனமும் கணீர்னு கேட்டுச்சு, இப்ப 55 இஞ்ச் டிவி, சவுண்ட்பார் எல்லாம் வாங்கி வச்சும் பேசுறது முணுமுணுன்னு இருக்கு, சண்டை வந்தா காது கிழியுது, ரிமோட்டைக் கீழ வைக்க முடியல, அப்ப பழைய தியேட்டர் சவுண்டுதான் உசத்தியா?

உசத்தி இல்லங்க. இதை நான் கொஞ்சம் உரிமையோடயே சொல்லலாம், ஏன்னா எண்பதுகள்ல உசிலம்பட்டி பக்கம் ஒரு டூரிங் கொட்டகைல ரீல் சுத்துற பையனா இருந்தேன், அப்புறம் தியேட்டர்களுக்கு சவுண்ட் சிஸ்டம் மாட்டுற வேலைக்குப் போயி அதுலயே இருபது வருஷத்துக்கு மேல ஓட்டிட்டேன். பழைய சவுண்டு அளவுகோல் வச்சுப் பாத்தா ரொம்ப சுமார். ஆனா உங்க புகார் பொய் இல்ல, வசனம் கேக்கலங்கறது நிஜம். ரெண்டுக்கும் நடுவுல ஒரு விஷயம் மாறிப்போச்சு, வால்யூம் திருகு யார் கைல இருக்குங்கறது. அதைச் சொல்லணும்னா கொட்டகைல இருந்துதான் ஆரம்பிக்கணும், கொஞ்சம் நீளமாத்தான் போகும்.

எங்க கொட்டகை கீத்துக் கூரை, தரை ஃபுல்லா ஆத்து மணல், பக்கச் சுவர் இடுப்பு உயரம், அதுக்கு மேல தட்டி. தரை டிக்கெட்காரங்க மணலைக் குமிச்சு உக்காந்துக்குவாங்க, பின்னாடி இருக்கிறவன் மறைக்குதுன்னு கத்துவான், அது வேற கதை. சவுண்டு வேலைக்குப் போன பிறகுதான் எனக்கு ஒரு விஷயம் உறைச்சுச்சு, மணல், கீத்து, தட்டி மூணுமே சத்தத்தை உறிஞ்சுற சாமான். இன்னைக்கு மல்டிப்ளெக்ஸ்ல சுவர் முழுக்க துணி போத்தி உள்ள கண்ணாடி நார் பஞ்சு வச்சு லட்சக்கணக்குல செலவு பண்றதை அன்னைக்கு முதலாளி காசு இல்லாததால சும்மா பண்ணி வச்சிருந்தாரு. எதிரொலியே கிடையாது. ஸ்பீக்கர்ல இருந்து கிளம்புன சத்தம் காதுக்கு வந்துச்சு, போச்சு, அவ்வளவுதான். வசனம் தெளிவா கேட்டதுக்கு முதல் காரணம் இது.

அதே படத்தை டவுன்ல கல்லுக் கட்டடத் தியேட்டர்ல போய்ப் பாத்தா நிலமை வேற. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, சிமெண்ட் தரை, மர சேர், சுவத்துல ஒண்ணுமே கிடையாது. மேட்னி ஷோ கூட்டம் கம்மியா இருக்கறப்ப ஹீரோ ஒரு தடவை கூப்ட்டா மூணு தடவை கேக்கும். ஹவுஸ்ஃபுல்லா இருந்தா அதே தியேட்டர் நல்லா இருக்கும், ஏன்னா மனுச உடம்பும் துணியும் சத்தத்தை உறிஞ்சிரும். அதனாலதான் எங்க ஆபரேட்டர் அண்ணன் ரூம் ஓட்டை வழியா கூட்டத்தை ஒரு பார்வை பாத்துட்டுத்தான் வால்யூம் வைப்பாரு. ஞாயித்துக்கிழமை ரெண்டாம் ஆட்டம் நெரிச்சுதுன்னா "ரெண்டு பாயின்ட் ஏத்துடா"ம்பாரு. கூட்டம் எழுந்து போனா அதே ரெண்டு பாயின்ட் இறங்கும். இதை எந்த மேனுவலும் அவருக்குச் சொல்லித் தரல.

ஆபரேட்டர் ரூம்ல சத்தம் எப்படி வந்துச்சுன்னு நிறைய பேருக்குத் தெரியாது, தெரிஞ்சா சுவாரசியமா இருக்கும். 35 எம்.எம். ஃபிலிம்ல படத்துக்கும் ஓரத்துல இருக்கிற பல் சக்கர ஓட்டைக்கும் நடுவுல ஒரு மெல்லிசு கோடு ஓடும், அகலம் கூடிக் குறைஞ்சு அலை அலையா இருக்கும். அதுதான் சவுண்ட் ட்ராக். கீழ சவுண்ட் ஹெட்ல ஒரு சின்ன பல்பு, எக்ஸைட்டர் லாம்ப்னு சொல்லுவோம், அந்த வெளிச்சம் முடி மாதிரி ஒரு பிளவு வழியா ட்ராக் மேல விழுந்து அந்தாண்ட இருக்கிற போட்டோ செல்லுக்குப் போகும். கோடு அகலமானா வெளிச்சம் ஒரு மாதிரி, குறுகினா வேற மாதிரி, அந்த ஏத்த இறக்கம்தான் கரண்டா மாறி ஆம்ப்ளிஃபயருக்குப் போயி சிவாஜி குரலா வெளிய வரும். படம் சத்தம் இல்லாம ஓடுனா கீழ இருந்து "சவுண்ட்... டேய் சவுண்ட்"னு கத்துவாய்ங்க, விசில் பறக்கும், சில பேரு ஆபரேட்டர் பரம்பரையவே இழுப்பாய்ங்க. அண்ணன் பதறாம ஒரு சிகரெட் அட்டையை எடுத்து பல்புக்கும் செல்லுக்கும் நடுவுல சர்ருனு ரெண்டு தடவை ஆட்டுவாரு. ஸ்பீக்கர்ல "டப் டப்"னு வந்துச்சுன்னா ஆம்ப்ளிஃபயர் நல்லாருக்கு, கோளாறு ஃபிலிம் மாட்டுனதுல. வரலைன்னா செல்லோ ஒயரோ ஆம்ப்ளிஃபயரோ போயிருச்சு. பல்பே எரியலன்னா ஸ்பேர் பல்பு மாட்டுறதுக்கு அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் கொட்டகை முழுக்க சேர்ந்து வசனம் பேசும், அதுவும் நிஜம்.

இன்னொண்ணு. சவுண்ட் ஹெட், ஃபிலிம் மேல வெளிச்சம் விழுந்து படம் தெரியுற ஜன்னல் (கேட்டுன்னு சொல்லுவோம்), அதுக்குக் கீழ இருக்கு, அதனால ஃபிலிம்ல சத்தத்தை அதோட படத்துக்கு 20 ஃப்ரேம் சொச்சம் முன்னாடியே அச்சடிச்சிருப்பாங்க. நடுவுல ஃபிலிமை வளைய விடுற அளவு கூடிக் குறைஞ்சா வாய் ஒரு பக்கம் வசனம் ஒரு பக்கம் ஆயிரும். நான் முதல் தடவை தனியா மாட்டுனப்ப லூப்பைப் பெருசா விட்டுட்டேன், வில்லன் கன்னத்துல அறை விழுந்து கொஞ்சம் கழிச்சு சத்தம் வந்துச்சு, கூட்டம் சிரிச்சிருச்சு, சோக சீன் அது. அண்ணன் தலைல தட்டுனது இன்னும் ஞாபகம் இருக்கு.

சரி, அந்த ட்ராக்ல என்ன இருந்துச்சு? மோனோ. ஒரே ஒரு சேனல். 1938ல ஹாலிவுட் அகாடமி போட்ட ஒரு வரையறையை ஒட்டித்தான் உலகம் முழுக்க மோனோ ஓடுச்சு, ஃபிலிம் இரைச்சல் கேக்கக் கூடாதுன்னு மேல் சுருதியை நல்லா வெட்டி விட்டுருவாங்க. அடில பேஸும் பெருசா கிடையாது. மிச்சம் இருக்கறது நடு சுருதி, அதாவது மனுசக் குரல் இருக்கிற இடம். பேச்சுக்குன்னே செஞ்ச மாதிரி ஒரு சிஸ்டம். அதுலயே பாட்டு, ரீரெக்கார்டிங், குதிரைக் குளம்பு எல்லாத்தையும் திணிக்கணும், இடம் கிடையாது, அதனால மிக்ஸிங் பண்றவருக்கு வேற வழியே இல்ல, வசனம் வந்தா மியூசிக்கை அமுக்கித்தான் ஆகணும். பேசுனவங்களும் நாடகத்துல மைக் இல்லாம கடைசி பெஞ்சுக்குக் கேக்கப் பேசிப் பழகுன தொண்டைங்க. இன்னைக்கு நடிகர்கள் மெதுவா, இயல்பா, பாதி வார்த்தையை முழுங்கிப் பேசுறாங்க, அதான் நல்ல நடிப்புன்னு நாமதான் கை தட்டுறோம், அப்புறம் வசனம் புரியலன்னும் நாமதான் சொல்றோம்.

ஸ்பீக்கரும் வேற ஜாதி. மதுரை தங்கம் தியேட்டர் கேள்விப்பட்டிருப்பீங்க, 1952ல பராசக்தியோட திறந்தது, ரெண்டாயிரத்து ஐநூறுக்கு மேல சீட்டு. அந்தக் காலத்துல அவ்வளவு பெரிய ஹால்களை ரொப்புன வால்வ் ஆம்ப்ளிஃபயருங்க சில பத்து வாட்ஸ்தான் இருக்கும். ஆயிரம் இல்ல. ஏன்னா ஸ்கிரீனுக்குப் பின்னாடி நின்னது ஹார்ன் ஸ்பீக்கர், ஆள் உயரத்துக்கு மரப்பெட்டி, மேல நாதஸ்வர வாய் மாதிரி தகரக் குழல். ஹார்ன்னா கொஞ்சம் கரண்டைக் குடுத்தாலே ஊருக்குக் கேக்கும். வீட்டு ஸ்பீக்கரை விட 15, 20 டெசிபெல் கூட சத்தம் தரும், கணக்குப் போட்டா அதே சத்தத்துக்கு வீட்டு ஸ்பீக்கருக்கு முப்பது மடங்குல இருந்து நூறு மடங்கு வரைக்கும் பவர் வேணும். தொண்ணூறுகள்ல டேப் ரெக்கார்டர் மேல "5000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ"ன்னு (ஒரு கண நேர உச்சத்தைக் காட்டி ஊதிப் பெருக்குன கணக்கு அது) ஸ்டிக்கர் ஒட்டி வித்தாங்களே, அதை நினைச்சா இப்பவும் சிரிப்பு வரும்.

இப்ப ஒரு ரகசியம் சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த வசனமெல்லாம் உங்களுக்குத் தெளிவா கேட்டதுக்குப் பாதிக் காரணம், அது உங்களுக்கு ஏற்கெனவே மனப்பாடம்! படத்தோட கதை வசனம் ரெக்கார்டா வரும், கேசட்டா வரும். 1984ல விதி வந்தப்ப அந்தக் கோர்ட் சீனை ஊர்ல எந்தக் கல்யாணம், காதுகுத்து, சடங்கு வீட்டுக்குப் போனாலும் மைக் செட்காரர் போட்டுருவாரு, தென்னை மரத்துல கட்டுன குழா ஸ்பீக்கர்ல ரெண்டு தெருவுக்குக் கேக்கும், படம் பாக்காத கிழவி கூட குறுக்கு விசாரணை பண்ணும். திருவிளையாடல் வசனம் அதுக்கும் முன்னாடியே. ரேடியோல ஒலிச்சித்திரம் வேற, முழுப் படத்தையும் ஒரு மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுவாங்க. இவ்வளவும் கேட்டுட்டு தியேட்டருக்குப் போனா என்ன வசனம் புரியாமப் போகும்? இன்னைக்கு முதல் தடவை கேக்குற வசனத்தை, இருட்டுல, பக்கத்துல ஒருத்தர் ஃபோன் நோண்டிட்டு இருக்கறப்ப, ஒரே தடவைல பிடிக்கச் சொன்னா கஷ்டம்தான்.

ப்ரிண்ட் நிலமையையும் மறந்துட்டோம். எங்க கொட்டகைக்கு வர்ற ஃபிலிம் பொட்டி மதுரை, தேனி எல்லாம் சுத்தி ஆறு மாசம் ஒரு வருஷம் கழிச்சு வரும். ட்ராக் மேல கோடு விழுந்து மழை பெய்யுற மாதிரி கரகரன்னு இருக்கும். அறுந்து ஒட்டுன இடத்துல "டொப்"னு ஒரு அடி விழும், அதுக்கு அந்த ஒட்டு மேல ட்ராக் பக்கம் மட்டும் கறுப்பு மை வச்சு முக்கோணமா தீட்டி விடணும், அப்ப சத்தம் மெதுவா மங்கித் திரும்ப வரும், டொப்பு கேக்காது. அது என் வேலை. நான் எத்தனை முக்கோணம் தீட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. நீங்க பழைய சவுண்டு சூப்பர்னு சொல்றப்ப அந்த முக்கோணத்தையும் சேத்துத்தான் பாராட்டுறீங்கன்னு எடுத்துக்கறேன்.

அப்புறம் காலம் வேகமா ஓடுச்சு. 1986ல மாவீரன் 70 எம்.எம்.ல ஆறு ட்ராக் காந்த ஒலியோட வந்துச்சு, ஆனா அதை அப்படியே போட வசதி இருந்த தியேட்டர் விரல் விட்டு எண்ணலாம். 1995ல குருதிப்புனல் டால்பி ஸ்டீரியோ எஸ்.ஆர்.ல, அடுத்த வருஷம் கருப்பு ரோஜா டி.டி.எஸ்.ல. டி.டி.எஸ். தந்திரம் ரொம்பக் கெட்டிக்காரத்தனம், சத்தம் ஃபிலிம்லயே கிடையாது, சி.டி.ல இருக்கும், ஃபிலிம்ல படத்துக்கும் பழைய ட்ராக்குக்கும் நடுவுல புள்ளி புள்ளியா ஒரு டைம்கோட் மட்டும் ஓடும், அதைப் படிச்சு சி.டி. கூடவே ஓடும். சி.டி. மக்கர் பண்ணா தானா பழைய ட்ராக்குக்குத் தாவிரும். நாங்க ஒரு ஊர்ல மாட்டி முடிச்சு சுவத்துல பெருசா டி.டி.எஸ்.னு எழுதி, போஸ்டர்லயும் போட்டு, முதல் நாள் பொட்டி மட்டும் வந்து டிஸ்க் வரல. வேற வழியில்லாம பழைய ட்ராக்லயே ஓட்டுனோம். இடைவேளைல ஒரு பெரியவர் வந்து என் கையைப் பிடிச்சு "என்னமா இருக்குப்பா டி.டி.எஸ்.!"ன்னாரு. நான் தலையை மட்டும் ஆட்டுனேன்.

2012 டிசம்பர்ல சிவாஜி 3டி டால்பி அட்மாஸ்ல வந்துச்சு, அதுக்கப்புறம் மேல் கூரைலயும் ஸ்பீக்கர். இதெல்லாம் நிஜமான முன்னேற்றம், நான் பழம்பெருமை பேசுற ஆள் இல்ல. நல்லா டியூன் பண்ணுன ஒரு அட்மாஸ் ஹால்ல மழைச் சத்தம் கேட்டா எங்க கொட்டகையை நான் மறந்துருவேன்.

விஷயத்துக்கு வர்றேன். தியேட்டர்ல சத்தம் எவ்வளவு இருக்கணும்னு ஒரு அளவு இருக்கு. ஒரு சோதனை இரைச்சலைப் போட்டு, ஹால் நீளத்துல மூணுல ரெண்டு பங்கு பின்னாடி மைக் வச்சு, ஸ்கிரீனுக்குப் பின்னாடி இருக்கிற ஒவ்வொரு ஸ்பீக்கரும் 85 டெசிபெல் வர்ற மாதிரி செட் பண்ணணும், அப்ப திருகு 7ல நிக்கும். மிக்ஸிங் பண்ற தியேட்டர்லயும் அதே 7. அதாவது படத்தை மிக்ஸ் பண்ணுனவர் கேட்ட அதே அளவு உங்களுக்கும் கேக்கும், நீங்க கை வைக்க முடியாது. இந்த நம்பிக்கைலதான் அவர் ஒரு இடத்துல மூச்சுச் சத்தம் மட்டும் விடுறாரு, அடுத்த நொடி வெடிக்க விடுறாரு. மெதுவானது கேக்கும்னு அவருக்குத் தெரியும், ஏன்னா ஹால்ல ஏ.சி. சத்தம் கூட பெருசா இல்ல, எல்லாரும் வாயை மூடி இருக்காங்க.

தியேட்டர்லயே இது இப்ப ஆட்டம் காணுது, அதையும் சொல்லணும். சத்தம் ஜாஸ்தின்னு ஆளுங்க புகார் சொன்னா தியேட்டர்காரர் 7ஐ 5க்கு இறக்கிருவாரு. இறக்குறாங்கன்னு தெரிஞ்ச படக்காரங்க அடுத்த படத்தை இன்னும் சத்தமா மிக்ஸ் பண்ணச் சொல்லுவாங்க. 2024 நவம்பர்ல கங்குவா வந்தப்ப இரைச்சல் தாங்கலன்னு பெரிய பேச்சாகி, தயாரிப்பாளரே தியேட்டர்காரங்களை ரெண்டு பாயின்ட் குறைக்கச் சொன்னாரு. அந்தச் செய்தியைப் பாத்தப்ப எங்க அண்ணன் ஞாபகம்தான் வந்துச்சு, அதே ரெண்டு பாயின்ட்!

வீட்டுக்கு வாங்க. ஓ.டி.டி.க்குன்னு தனியா மிக்ஸ் பண்ணித்தான் குடுக்கறாங்க, நெட்ஃப்ளிக்ஸ் விதிப்படி பேச்சோட சராசரி மைனஸ் 27ல இருக்கணும், உச்சம் மைனஸ் 2 வரைக்கும் போகலாம் (டிஜிட்டல்ல பதிவாகுற உச்ச அளவு பூஜ்யம், அதுக்கு எத்தனை டெசிபெல் கீழங்கறதுதான் மைனஸ் கணக்கு). அதாவது பேச்சுக்கு மேல 25 டெசிபெல் வரைக்கும் வெடிக்க இடம் இருக்கு. பத்து டெசிபெல் ஏறுனா காதுக்கு ரெண்டு மடங்கு மாதிரி தோணும், இருபதுன்னா நாலு மடங்கு. நீங்க வெடி காதைக் கிழிக்காத அளவுக்கு வால்யூமை இறக்கி வச்சா, பேச்சு போயி சீலிங் ஃபேன் சத்தத்துக்குக் கீழ விழுந்துரும். பேச்சு கேக்கற அளவுக்கு ஏத்துனா வெடில பக்கத்து வீட்டுக் குழந்தை எந்திரிச்சிரும். உங்க ரிமோட் பிரச்சினை மொத்தமும் இதுதாங்க. ஆபரேட்டர் வேலையை உங்க தலைல கட்டிட்டாங்க, சம்பளம் மட்டும் இல்ல.

இது போக டிவியோட கோளாறு. அந்தக் காலத்து டயனோரா, சாலிடேர் டிவில ஸ்பீக்கர் முகத்தைப் பாத்து இருக்கும், முட்டை வடிவத்துல ஒண்ணு, மோனோதான், ஆனா ஒளியும் ஒலியும் தெரு முழுக்கத் தெளிவா கேட்டுச்சு. இப்ப டிவி ஒல்லியாகி ஒல்லியாகி ஸ்பீக்கருக்கு இடமே இல்லாம அடில, இல்ல பின்னாடி சுவத்தைப் பாத்து வச்சிருக்காங்க. பேச்சு சுவத்துல பட்டுத் திரும்பி வருது. மொசைக், டைல்ஸ் தரை, வெறும் சுவர், ரெண்டு பிளாஸ்டிக் சேர்னு இருக்கிற ஹால் வேற, ஆஸ்பெஸ்டாஸ் தியேட்டர் மேட்னி ஷோதான் உங்க வீடு இப்ப.

அப்புறம் 5.1 ஆடியோ, அதாவது அஞ்சு ஸ்பீக்கருக்குத் தனித்தனி சேனல், அடிச்சத்தத்துக்கு மட்டும் ஒண்ணு. அதுல பேச்சு பெரும்பாலும் நடு சேனல்ல மட்டும் இருக்கும். உங்ககிட்ட நடு ஸ்பீக்கர் இல்லன்னா டிவி அதை ரெண்டாப் பிரிச்சு இடது வலதுல கலக்கும், கூடவே மியூசிக், பக்கச் சத்தம் எல்லாம் அதே ரெண்டு ஓட்டைக்குள்ள வந்து முட்டும். அந்த .1ங்கற அடிச்சத்தத்தைப் பெரும்பாலும் சேக்கறதே இல்ல, தூக்கிப் போட்டுரும். அதனாலதான் தியேட்டர்ல நெஞ்சுல இடிச்ச சீன் வீட்ல தகர டப்பா மாதிரி இருக்கு.

என்ன பண்ணலாம்னா, முதல்ல காசு செலவில்லாத வேலை. ஆப்ல ஆடியோ மெனுவுக்குப் போயி தமிழ் 5.1, சாதா தமிழ்னு ரெண்டு இருந்தா, டிவி ஸ்பீக்கர்லயே கேக்கறவங்க சாதாவை எடுங்க. டிவி செட்டிங்ல சர்ரவுண்ட்னு போட்டுருக்கிற பொய் எஃபெக்ட் எல்லாத்தையும் அணைங்க, பேச்சைத் தூக்கிக் குடுக்கற மோடு, நைட் மோடுன்னு ஏதாவது இருந்தா போடுங்க, அது வெடியைக் குறைச்சு பேச்சை ஏத்தும், மிக்ஸிங் பண்ணுனவருக்குப் பிடிக்காது, பரவால்ல, அவர் உங்க வீட்டுக்கு வரப்போறதில்ல. தரைல கெட்டி ஜமுக்காளம் ஒண்ணு விரிங்க, ஜன்னலுக்குக் கனமான திரை போடுங்க, எங்க கொட்டகை மணல்தான் அது. ப்ளூடூத்ல வாயும் வசனமும் ஒட்டலன்னா ஒயர்ல மாட்டுங்க, இல்ல ஆடியோ டிலேன்னு ஒரு செட்டிங் இருக்கும், அதை நகர்த்திப் பாருங்க. லேசா பிந்துறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, சத்தம் ஒரு அடி நகர ஒரு மில்லி செகண்ட் ஆகும், நூறடி தள்ளி கடைசி வரிசைல உக்காந்து நாம பாத்ததெல்லாம் ரெண்டு ஃப்ரேம் பிந்துன வசனம்தான், யாருக்கும் தெரியல.

சவுண்ட்பார் மாத்துறதா இருந்தா நடு சேனல் தனியா இருக்கிறதா பாத்து வாங்குங்க, 3.1 போதும், மலிவுல கிடைக்கிற ஏழெட்டு ஸ்பீக்கர் செட்டை விட அது பேச்சுக்கு எவ்வளவோ மேல். கடைல அவங்க ஹெலிகாப்டர் சீன், சண்டை சீன்னு அதிர அதிரப் போட்டுக் காட்டுவாங்க, அதுல எல்லா டப்பாவும் நல்லாத்தான் இருக்கும். ரெண்டு பேர் ஒரு ரூம்ல உக்காந்து மெதுவாப் பேசுற சீன் ஒண்ணை உங்க ஃபோன்ல முன்னாடியே தேடி வச்சுக்கிட்டு, அதைப் போடச் சொல்லுங்க, நீங்க பாக்காத படமா இருக்கட்டும். கடை ஃபேனையும் அணைக்க வேணாம்.